மூன்றில் ஒரு பங்கு தூரம்

வாங்க அண்ணாச்சி, இங்கன உக்காருங்க. துண்டு கெடக்கேன்னு பாக்காதிய, அது என் துண்டுதான். ஆள் வருதுன்னு சொல்லி எடம் பிடிச்சு வச்சிருந்தேன். எந்த ஆளுன்னு கேட்டா, உங்களைப் போல ஒரு ஆளுன்னுதான் சொல்லணும். முதல்ல ஒரு காலேஜ் பையன் வந்து கேட்டான். ஒல்லிப்பிச்சான். ஆள் இருக்கு தம்பின்னு அனுப்பிட்டேன். நீங்க படியில ஏறுறதைப் பாத்ததும், கண்ணு படக்கூடாது, நல்ல கனத்த சரீரம், சட்டுனு துண்டை எடுத்துட்டேன். நல்லாச் சாஞ்சு உக்காருங்க. என்னைய நெருக்குதோம்னு நெனைக்காதிய. நெருக்கியே உக்காருங்க.

எங்க, மதுரை வரைக்குமா? கயத்தாறா? அடடா. கயத்தாறு இந்தா வந்துருமே. கண்டக்டர் இன்னும் வரலைலா, மதுரைக்கே டிக்கெட் நான் எடுக்கேன், வாங்களேன். அங்க உங்களுக்கு என்ன வேலையா? எனக்கும்தான் அங்க ஒரு வேலையும் இல்ல. சரி சரி, சிரிக்காதிய. கயத்தாறு வரைக்கும் இருக்கியல்லா, அதுவே பெரிய உபகாரம்.

பேரு பால்வண்ணநாதன். கணக்கு வாத்தியார். ரிட்டயர்டு ஆகி ஏழெட்டு வருசமாச்சு. எங்க ஊர்ப் பக்கம் வந்து 'கணக்கு சார்'னு கேட்டா சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். பெருமைக்குச் சொல்லல. ஒரு ஆளை நம்பி ஒரு விசயத்தைச் சொல்லுதோம்னா, சொல்லுதவன் பைத்தியக்காரன் இல்லைன்னு முதல்ல தெரியணும்லா, அதுக்குச் சொல்லுதேன்.

இன்னைக்கு எனக்குப் பொன்னாடை போத்துதாவ அண்ணாச்சி. இந்நேரம் மேடையில நாற்காலி போட்டு, பேரு எழுதி, மாலை வாங்கி, எல்லாம் ஆயிருக்கும். நான் இங்க பஸ்ஸுல உக்காந்திருக்கேன். செல்போனை அமத்தி வச்சுட்டேன். எம் பொண்டாட்டி கோமு மண்டபத்து வாசல்ல நின்னு என்னைத் தேடிக்கிட்டிருப்பா.

சொல்லுதேன், சொல்லுதேன். மொதல்லருந்து சொன்னாத்தான் வெளங்கும்.

எங்க பக்கம் கணித மன்றம்னு ஒண்ணு இருக்கு. வருசா வருசம் ஆவணி மாசம் முதல் ஞாயித்துக்கெழமை, அதாவது இன்னைக்கு, பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்குப் போட்டி. சுத்துப்பட்டு ஊர்லருந்தெல்லாம் வரும். சலிச்சுச் சலிச்சு கடைசியில அஞ்சு பேரை மேடையில ஏத்துவோம். பெரிய கரும்பலகையை அஞ்சு பத்தியாக் கோடு போட்டு, ஒரே கணக்கை அஞ்சு பேரும் எழுதணும். முதல் பரிசுன்னா லேசுப்பட்டது இல்ல. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துல ஹாஸ்டலோட, சாப்பாட்டோட, மேல ரெண்டு வருசப் படிப்பு சும்மா. அதுக்காவே வருவாவ சனங்க.

கடைசிக் கணக்கு போடுதது எப்பவும் நான்தான். விடையை எழுதி, கவர்ல போட்டு, அரக்கு வச்சு, தலைமை விருந்தாளி கையில குடுத்திருவேன். பிள்ளைக எழுதி முடிச்ச பெறவு, மைக்குக்கு முன்னால அரக்கை உடைப்பாவ. உடைச்ச பெறவு விடையை மாத்தக்கூடாது. மன்றம் தொடங்குன நாள்லருந்து அதுதான் சட்டம். கோயில்ல பூக்கட்டிப் போட்டு எடுக்காவல்லா, அது மாதிரி. வந்தது வந்ததுதான்.

இருவது வருசத்துக்கு முன்னால ஒரு தடவை நான் போட்ட கணக்கு இது. பயப்படாதிய, லேசாச் சொல்லுதேன். அஞ்சு. அதுலருந்து மூணோட அடுக்கு எக்ஸை நாலு மடங்கு கழி. இன்னும் ஒம்பதோட அடுக்கு எக்ஸைக் கழி. எக்ஸுக்கு என்ன எண்ணை வேணும்னாலும் போடு. மிச்சம் ஏறி ஏறி எது வரைக்கும் ஏறும்? மீப்பெரு மதிப்பு என்ன? அம்புட்டுதான் கேள்வி.

பாக்கதுக்கு ராட்சசன் மாதிரி இருக்கும். ஒரு தட்டு தட்டுனா பூனைக்குட்டி ஆயிரும். ஒம்பதுங்கிறது மூணோட வர்க்கம்லா? மூணோட அடுக்கு எக்ஸை ஒய்னு மாத்திக்கிடு. இப்ப என்ன ஆச்சு? அஞ்சு கழித்தல் நாலு ஒய் கழித்தல் ஒய் வர்க்கம். அதை வர்க்கமா நிரப்பிக் கட்டுனா, ஒம்பதுலருந்து ஒரு வர்க்கத்தைக் கழிக்கதா வந்து நிக்கும். வர்க்கம் என்னைக்கும் சைபருக்குக் கீழ போகாது. அப்ப அந்த வர்க்கம் சைபர் ஆகும்போதுதான் உச்சம். விடை ஒம்பது.

அதுல ஒரு நேர்த்தி இருக்கு, கேளுங்க. முந்தின வருசம் இதே கணக்குதான், ஆனா நாலுக்கு முன்னால கூட்டல். அதை டியூசன்காரன்வ பிள்ளைகளுக்கு நெட்டுரு போட வச்சுட்டான்வ. நான் என்ன செஞ்சேன், அந்தக் கூட்டலைக் கழித்தலாக்குனேன். அப்பவும் வர்க்கமா நிரப்பிப் பாத்தா ஒம்பதே வருது! குறி மாறியும் விடை மாறல. எம்புட்டு அழகு பாருங்க. ஊருக்குள்ள அம்புட்டு வாத்தியார் இருக்கான்வ, எவனுக்கு வரும் இந்த யோசனை?

ஒரே ஒரு விசயம். அந்த வர்க்கம் சைபர் ஆகணும்னா மூணோட அடுக்கு, மைனஸ் ரெண்டு ஆகணும்.

ஆகாது.

சரி, அது ஒரு சின்ன விசயம்.

இந்தாங்க, கடலை மிட்டாய். பஸ் ஸ்டாண்டுல வாங்குனது. இருங்க, பிச்சுத் தாரேன். இப்ப இதை மூணாப் பிட்டா, ஒரு துண்டு இந்தா இருக்கு. இதையே இன்னும் மூணாப் பிட்டா? சின்னதாகும். இன்னும் பிட்டா? பொடியாகும். பொடியை இன்னும் மூணாப் பிரி. இருக்கத்தான் செய்யும், இல்லையா? இல்லாமலே போயிராது. இல்லாமப் போனதுக்கும் கீழ போயி, 'எனக்கு நீ மிட்டாய் பாக்கி தரணும்'னு நிக்கவே நிக்காது. மூணோட அடுக்கும் அப்படித்தான். எக்ஸை எம்புட்டுக் கீழ எறக்குனாலும் தேஞ்சுக்கிட்டே போகும். சைபரைத் தொடாது. அப்ப அந்தக் கணக்குல கழிக்கதுக்குக் கொஞ்சமாவது இருந்துக்கிட்டேதான் இருக்கும். அஞ்சை நெருங்கி நெருங்கி வரும். அஞ்சைத் தொடாது. அப்புறம் எங்க ஒம்பதுக்குப் போக?

இதெல்லாம் நான் சொல்லல. அன்னைக்கு மேடையேறுன ஒரு பிள்ள சொன்னா. முப்பிடாதின்னு பேரு. சங்கரன்கோயில் பக்கத்து ஊரு. நீலத் தாவணி, ரெட்டைச் சடை, செகப்பு ரிப்பன். அவ ஆத்தா மண்டபத்துக்கு வெளிய வேப்பமரத்து மூட்டுல தட்டை மடியில வச்சு பீடி சுத்திக்கிட்டிருந்தா. மகளைப் போட்டிக்கு விட்டுட்டும் கை ஓயல அவளுக்கு.

மேடையில மத்த நாலு பேரும் ஒம்பதுன்னு எழுதி, கீழ ரெண்டு கோடு போட்டு, கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டான்வ. இவ எழுதிக்கிட்டே இருக்கா. மேல கொட்டை எழுத்துல 'மீப்பெரு மதிப்பு கிடையாது'ன்னு எழுதியாச்சு. அதுக்குக் கீழ எக்ஸுக்கு ஒவ்வொண்ணாப் போட்டு, இம்புட்டு வருது, இம்புட்டு வருது, அஞ்சை நெருங்குதுன்னு காட்டுதா. தலைமை விருந்தாளி ஒரு ஜவுளிக்கடை முதலாளி. அவருக்குச் சிரிப்பு. "என்ன பாப்பா, கேள்வியே தப்புங்கியா?"ன்னு மைக்குல கேட்டாரு. அதுக்கு அவ திரும்பிக்கூடப் பாக்காம, "தப்பு இல்லங்கய்யா. உச்சம் இல்லைங்கதுதான் விடை"ன்னா.

திமிரு பாத்தியளா? மூத்தவங்க இருக்காவ, ஊரு பாக்குது.

நான் எந்திரிச்சேன். டஸ்டரை எடுத்தேன். நேரம் முடிஞ்சு போச்சுல்லா. மணி அடிக்கல, அடிக்கப் போற நேரந்தான். அவ திரும்பி என்னையப் பாத்தா. சாக்பீஸ் பிடிச்ச கையை இப்படி முன்னால நீட்டிக்கிட்டு, "ஒரே ஒரு வரி சார்"னா. கடைசி வரி ஒண்ணு மிச்சம் இருந்துச்சு போல. ஏன் அஞ்சைத் தொடாதுங்கதை ஒரே வரியில கட்டி முடிக்கப் போனாளோ என்னவோ. நான் அவ பத்தியை மேலருந்து கீழ வரைக்கும் அழிச்சேன். அழிச்சுட்டு மைக்கை வாங்கிச் சொன்னேன்: "தெரியலைன்னா, தெரியலைன்னு நிக்கணும். இல்லைன்னு எழுதக்கூடாது."

மண்டபமே கொல்லுனு சிரிச்சுச்சு. நல்ல வாக்கியம்லா? இன்னைக்கும் பழைய பிள்ளைக எங்கயாவது பாத்தா, 'சார், அந்த வாக்கியம்'பான்வ. அதுக்குப் பெறவு அரக்கை உடைச்சு, ஒம்பதுன்னு வாசிச்சு, முதல்ல எழுதி முடிச்ச கோமதிநாயகம்னு ஒரு பையனுக்குப் பரிசு குடுத்தோம். அமெரிக்காவுல இருக்கான் இப்ப. பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பிருவான்.

கூட்டம் கலையும்போது அவ ஆத்தா உள்ள வந்தா. வந்து என்னையக் கும்பிட்டு, "மன்னிச்சிருங்க சார், பிள்ளைக்கு வெவரம் பத்தல"ன்னா. நானும் பெருந்தன்மையா, "பரவாயில்லம்மா, நல்லாப் படிக்கச் சொல்லுங்க"ன்னு அனுப்பிட்டேன். அந்தப் பிள்ள சாக்பீஸைக் கையிலேயே வச்சுக்கிட்டுப் போயிட்டா. மன்றத்துச் சாக்பீஸ்.

அவ்வளவுதான் நடந்தது. இதுல எம்மேல என்ன குத்தம், நீங்களே சொல்லுங்க. கவர்ல என்ன இருந்துச்சோ அதுதான் விடை. நானே மாத்தணும்னாலும் மாத்த முடியாது. நல்லவேளையாப் போச்சு, அவ கடைசி வரியை எழுதி முடிச்சிருந்தா மன்றத்து மானம் என்ன ஆகியிருக்கும்?

அப்புறம் வருசக் கணக்கா அவ ஞாபகமே இல்ல. நெசமாச் சொல்லுதேன், இல்ல.

ரிட்டயர்டு ஆன மறுவருசம் என்னையச் சிறப்பு விருந்தாளியா மேடையில உக்கார வச்சிருந்தாவ. எதுக்கால வாசல் தெரியும், அதுக்கு அங்கிட்டு மைதானம், மைதானத்துக் கடைசியில இரும்புக் கேட்டு. அந்தக் கேட்டுகிட்ட ஒரு பிள்ள நின்னுக்கிட்டிருந்துச்சு. நீலத் தாவணி. கையை முன்னால நீட்டிக்கிட்டு. யாரோ போட்டிக்கு லேட்டா வந்த பிள்ள, உள்ள விட மாட்டேங்கான்வ போலன்னு நெனைச்சு, வாட்ச்மேனை விட்டுக் கூட்டிட்டு வரச் சொன்னேன். அங்க யாருமே இல்ல சார்னு வந்து நின்னான். நான் பாத்துக்கிட்டே இருக்கேன், அவ நிக்கா. இவன் இல்லைங்கான்.

மறுவருசம் அதே நாளு, மைதானத்து நடுவுல. அதுக்கு மறுவருசம் வாசப்படிகிட்ட. அப்பத்தான் ரிப்பனு தெரிஞ்சுச்சு எனக்கு. சாக்பீஸும் தெரிஞ்சுச்சு.

நான் கணக்கு வாத்தியார்லா அண்ணாச்சி. மனசு தன்னால அளக்குது. போன வருசம் இருந்த தூரத்துல மூணுல ஒரு பங்கு. அதுக்கு முந்தின வருசத்துக்கும் அதே மூணுல ஒரு பங்கு. கழுத தேஞ்சு கட்டெறும்பான கதையாத் தூரம் தேஞ்சுக்கிட்டே வருது.

சரி, மண்டபத்துக்குப் போனாத்தானேன்னு நாலாவது வருசம் காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்டுலேயே இருந்துட்டேன். முன் ரூம்புல பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன். தலையைத் தூக்குதேன், தெருவுக்கு அந்தப் பக்கம் கரண்டுப் போஸ்ட்டு மரத்துகிட்ட நிக்கா. எடம் மாறிருச்சு, மூணுல ஒரு பங்குங்கிற கணக்கு மாறல. கோமுகிட்டச் சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "உங்களுக்குக் கண்ணுல பொரை விழுந்துருக்கு. ஆஸ்பத்திரிக்கு வாங்க"ன்னா. கூட்டிட்டுப் போயி ரெண்டு கண்ணுலயும் பொரை எடுத்தாச்சு. அதுக்குப் பெறவு என்ன, முன்னை விடத் தெளிவாத் தெரியுதா.

என்ன, செத்துப் போனவளாங்கியளா? அதைத்தான் நானும் நெனைச்சேன். விசாரிச்சேன். சாகல அண்ணாச்சி! குத்துக்கல்லாட்டம் இருக்கா. டவுன்ல ஒரு ஜவுளிக்கடையில பில் போடுத வேலை. மாப்பிள்ள ஆட்டோ ஓட்டுதாரு, ஒரு பொம்பளப் பிள்ள. உசுரோட இருக்கவ எப்படி எங்க தெருவுல பதினஞ்சு வயசுல வந்து நிப்பா? இதை எந்தப் பூசாரிகிட்டப் போயிச் சொல்ல?

நேர்லயே பாத்துருவோம்னு ஒரு நாள் போனேன். ஒரு வேட்டி எடுத்துக்கிட்டு அவ மேசைக்கு முன்னால நின்னேன். அவளேதான். முகம் கொஞ்சம் ஊதியிருக்கு, நெத்தியில நரை. என்னையத் தெரியுதான்னேன். தெரியல. கணித மன்றம், போட்டின்னு எடுத்துக் குடுத்தேன். அதுக்குப் பெறவு எந்திரிச்சு நின்னுட்டா பாவம். "சாரா! உக்காருங்க சார்"னு ஸ்டூல் போட்டு, டீ வாங்கிக் குடுத்தா. அம்புட்டு மரியாதை. ஒரு கோவம், ஒரு கொறை, மூஞ்சியில தேடிப் பாத்தேன், மருந்துக்கும் இல்ல.

நான் கேட்டேன், "இப்பவும் கணக்குல ஆர்வம் உண்டாம்மா?"

சிரிச்சா. "எனக்குக் கணக்கே வராது சார்"னா. "இந்தா இந்த மெசினு இல்லைன்னா ரெண்டு சேலையைக் கூட்டத் தெரியாது. எம் பொண்ணு வீட்டுக்கணக்குக் கேட்டா அவ அப்பாகிட்டத் தள்ளி விட்டுருவேன். சின்னதுல வரும்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன் சார். அன்னைக்கு மேடையில தப்பாப் போட்டு, எல்லாரும் சிரிச்சாவல்லா, அப்பத்தான் தெரிஞ்சுச்சு, நமக்கு இது வராதுன்னு. நீங்க நல்லபடியாத்தான் சொன்னிய, தெரியலைன்னா தெரியலைன்னு நிக்கணும்னு. அதை எம் பொண்ணுக்கும் சொல்லுவேன்."

பாத்தியளா அண்ணாச்சி? அவ வாயாலேயே சொல்லிட்டா. கணக்கு வராதாம். என் வாக்கியம் அவளுக்கு உபயோகமா இருந்துருக்கு. எனக்கு மனசுல இருந்த பாரமெல்லாம் எறங்கிருச்சு. அவளுக்கே கொறை இல்லாதப்ப நான் எதுக்கு அதைக் கெளறணும்? வேட்டிக்குப் பில்லை வாங்கிக்கிட்டு வந்துட்டேன். என்ன, அந்த நேரத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமோன்னு நீங்க நெனைக்கிய. மூஞ்சியில தெரியுது. என்ன வார்த்தை? கடையில கூட்டம். பின்னால ரெண்டு பேரு பில்லுக்கு நிக்காவ.

அந்த வருசம், இனி அவ வர மாட்டான்னு நிம்மதியா இருந்தேன். வந்தா. எங்க வீட்டு நடைக்கு உள்ள. வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையா ஆச்சு, போய்ப் பாத்தது. அங்க கடையில இருக்கவ மறந்துட்டா. இங்க வாரவ மறக்கல. அவ எதை மறந்தாளோ அதெல்லாம் சேந்து இவளா நிக்குதோ என்னவோ. எனக்கு அப்படியெல்லாம் யோசிக்கப் பிடிக்காது. ஆனா யோசனை வருது.

போன வருசம் சாப்பாட்டு மேசை. நான் இந்தப் பக்கம் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கேன், பட்டப்பகல், கோமு ரசம் ஊத்துதா. மேசைக்கு அந்தப் பக்கம் அவ. கையை நீட்டுனா. சாக்பீஸ் நுனி என் தட்டுக்கு மேல வந்துருச்சு. சோத்துல வெள்ளையாப் பொடி விழுந்துச்சு அண்ணாச்சி. நான் சாப்பாட்டை விட்டு எந்திரிச்சுட்டேன். கோமு பாத்துட்டு, கோலமாவு கையோட பரிமாறிட்டேன் போலன்னா. அவ அன்னைக்குக் கோலமே போடல.

அந்தத் தூரத்துல மூணுல ஒரு பங்கு என்னன்னு கணக்குப் போடுங்க. இந்த சீட்டுல ஒரு ஆளு உக்காருத எடம்.

அதனாலதான் ஓடுத பஸ்ஸுன்னு முடிவு பண்ணுனேன். அதனாலதான் சன்னலோரம். அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன், தப்பா நெனைக்காதிய. அவ நிக்கணும்னா நிக்க எடம் வேணும்லா. எடத்துல நீங்க இருக்கிய.

இன்னொண்ணையும் சொல்லிருதேன். போன மாசம் மன்றத்துச் செயலாளர் தம்பி போன் போட்டான். வெள்ளி விழா மலருக்குப் பழைய கணக்கெல்லாம் சேக்கான்வ. "சார், இந்த ஒம்பது கணக்குல ஏதோ இடிக்குதே. மூணோட அடுக்கு எப்படி சார் மைனஸ் ரெண்டு ஆகும்? விடையைத் திருத்திப் போட்டுருவோமா?"ன்னான். நேத்து மொளைச்ச பய. என்ன சொன்னேன்? "தம்பி, அரக்கு உடைச்ச விடை. அப்படியே போடு"ன்னேன். வேற என்ன சொல்ல? பொன்னாடை போத்துத அன்னைக்கே, இவன் தப்பாப் போட்டவன்னு மலர்ல அடிச்சு, ஆளுக்கு ஒண்ணு குடுக்கவா? அச்சாயிருச்சு. இந்நேரம் மண்டபத்துல எல்லார் கையிலயும் இருக்கும். ஒம்பதுன்னு.

ஆனா ஒரு விசயம் இருக்கு அண்ணாச்சி. வருசம் பூராவும் யோசிச்சு இதைக் கண்டுபிடிச்சு வச்சிருக்கேன், இதை வச்சுத்தான் நான் இன்னைக்கு மூச்சு விடுதேன். அவ மூணுல ஒரு பங்கு, மூணுல ஒரு பங்காத்தானே வாரா? அவ கணக்குப்படி, நெருங்கும், தொடாது. எம்புட்டு வருசம் வந்தாலும் மிட்டாய்ப் பொடி மாதிரி ஒரு துளி எடம் நடுவுல இருந்துக்கிட்டேதான் இருக்கும். அவ எழுதுனது சரின்னா எனக்கு ஒரு பயமும் இல்ல. நான் அரக்கு வச்சதுதான் சரின்னா, அஞ்சையும் தாண்டி வரலாம், ஒம்பது வரைக்கும் ஏறலாம், அவளைத் தடுக்க ஒண்ணும் இல்ல.

அதனால சொல்லுதேன், அவ சொன்னதுதான் சரி. உங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன? நீங்க கயத்தாறுல எறங்கிருவிய. அவ சொன்னதுதான் சரி, அவ சொன்னதுதான் சரி. காலையிலருந்து மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருக்கேன். மண்டபத்துல சொல்லணும்னு அவசியமா என்ன? கணக்குக்கு எங்க சொன்னாலும் ஒண்ணுதானே.

என்ன எந்திரிக்கிய? அதுக்குள்ளயா? இல்ல, இது வேற ஊரு, கயத்தாறு இன்னும்... ஆமா. போர்டு தெரியுது. கயத்தாறுதான். அண்ணாச்சி, ஒரு நிமிசம். கண்டக்டர் விசிலு குடுக்கட்டும், அது வரைக்கும் உக்காருங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்.

அசையாதிய. உங்க சட்டைக் கையில, அந்தப் பக்கத்துக் கையில, வெள்ளையா என்ன அது? திருநீறா? தோளுக்குக் கீழ யாரு திருநீறு பூசுவா? தட்டாதிய. தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. வழுவழுன்னு இருக்கா, நறநறன்னு இருக்கா?

சரி. போங்க. வீட்டுல தேடுவாவ. போங்க. நான் சன்னல் பக்கமே பாத்துக்கிட்டிருப்பேன், திரும்ப மாட்டேன்.

அண்ணாச்சி! இங்க, இங்க, மேல பாருங்க! வெளிய நின்னு பாத்துச் சொல்லுங்க, எம் பக்கத்துல எடம் காலியாத்தானே கெடக்கு? தலையை ஆட்டுனாப் போதும். ஏன் அப்படிப் பாக்கிய? யாரும் ஏறலைலா?

நீதானே பிள்ள சொன்ன தொடாதுன்னு? நீ சொன்னது சரின்னு சொல்லிட்டேன்லா, இவரு சாட்சி, இவருகிட்டச் சொல்லிட்டேன்...

வண்டி எடுத்துட்டான். அண்ணாச்சி, கூட நடந்து வாங்களேன், கொஞ்ச தூரம். காதுகிட்டப் பேசுதா. வேற ஒண்ணும் கேக்கல, ஒரே ஒரு வரியாம். எழுத விட்டா முடிஞ்சு போச்சு, எனக்கும் தெரியுது. ஆனா எங் கையைப் பாருங்க அண்ணாச்சி. எங் கையைப் பாருங்க, டஸ்டரைத் தேடுது.